செக்ரோலில் பேர் இல்லாதவரும் நம் ஆட்களே



2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எங்கள் தோட்டத்து வாசகசாலையில் கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொழுந்து நிறையில் கழிப்பது, மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கையுறை கொடுக்காதது என்று வழமையான விஷயங்கள். கூட்டம் முடியும் நேரத்தில் பணிய லயத்து அக்கா ஒருவர் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை.

"டீச்சர், காம்பிரா விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அவர் ஒன்பது வருடம் அரபு நாடொன்றில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போகும்போது மகளுக்கு மூன்று வயது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். அம்மா 2021இல் இறந்துவிட்டார். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அம்மாவின் காம்பிராவைத் தோட்டக் காரியாலயம் வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறது. தம்பி வீட்டுக் குசினியில் தானும் மகளும் எத்தனை நாள் படுப்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அக்கா, உங்க பேரு செக்ரோல்ல இல்லையே. சந்தாவும் போகல்ல. சங்கத்தால எப்படிப் பேச முடியும்?"

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். கமிட்டியில் ஒருவரும் நான் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. சங்க யாப்பின்படி நான் சொன்னது சரிதான். அந்தச் சரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாலு கொப்பி

அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிற பிள்ளை. அடுத்த இரண்டு கிழமையில் ஆறு நாள் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் நிலைமை முழுவதும் தெரிந்தது. தோட்டத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு நம்மிடம் நாலு கொப்பி உண்டு. ஒன்று செக்ரோல். இரண்டாவது சங்கத்துச் சந்தாப் பட்டியல். மூன்றாவது மாரியம்மன் கோயில் வரிக்கொப்பி. நாலாவது மரண உதவிச் சங்கத்துக் கொப்பி. அந்த அக்காவின் பேர் இந்த நாலில் ஒன்றிலும் இல்லை. 2014இல் போகும்போது செக்ரோலில் பேரை வெட்டினார்கள். சம்பளத்தில் கழிக்கப்படுவதுதான் சந்தாவும் கோயில் வரியும் மரண உதவிக் காசும். சம்பளம் நின்றவுடன் மற்ற மூன்றும் தானாக நின்றுவிட்டன. யாரும் அவரைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடவில்லை. ஒரு பேரை வெட்டினார்கள், ஆளே தோட்டத்தில் இல்லாமல் போய்விட்டார்.

அந்த வருடத் திருவிழாவில் அவர் பொங்கப் பானையோடு கோயிலுக்குப் போகவில்லை. "வரி கட்டாதவ எப்படி டீச்சர் போய் நிக்கிறது?" என்று கேட்டார். பிள்ளையும் போகவில்லை. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் அவளை "அரபிக்காரி மகள்" என்று கூப்பிடுவதாகச் சொன்னாள். பாடசாலைக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் நான் பத்திரிகையில் எழுதவேண்டிய தேவை இல்லை. உங்கள் உங்கள் லயத்தை ஒருமுறை மனதில் நடந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்கள். 2020இல் நோய்க்காலத்திலும் 2022இல் பொருளாதார நெருக்கடியிலும் கொழும்புக் கடைகளிலிருந்து வேலை இழந்து வந்த பொடியன்கள். மருந்தடித்து, கவ்வாத்து வெட்டி உடம்பு கெட்டு, வயதுக்கு முன்பே பேர் வெட்டப்பட்டவர்கள். புருஷன் இறந்தபின் "பேர்க்காரர் போய்விட்டார்" என்று காம்பிராவைக் கேட்கப்படும் விதவைகள். குடியை விட்டுவிட்டுத் திரும்ப வந்தும் யாரும் வேலைக்குக் கூப்பிடாத ஆண்கள். சிறையிலிருந்து வந்தவர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள். நம் காம்பிராக்களில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நம் கொப்பிகளில் இல்லை.

பேர் இல்லாமல் இருந்தது யார்?

இதை நாம் புரிந்துகொள்ள வேறு யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. இந்த நாட்டிலேயே பேர் வெட்டப்பட்ட சனம் நாம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்தக் காங்கிரசிலிருந்து ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. காடு வெட்டி, றோட்டுப் போட்டு, கோப்பியும் தேயிலையும் நட்ட சனத்திடம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்றார்கள். பத்திரம் எங்கே இருந்தது? தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் கங்காணியின் ஞாபகத்திலும்தான் இருந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேறினார், தங்கை இங்கே நின்றார். இங்கே நாடற்று மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948க்கும் 2003க்கும் இடையில் 55 வருடம்.

இந்த 55 வருடத்தில் நமக்காகப் பேசியவர்கள் நம்மிடம் பத்திரம் கேட்டுவிட்டா பேசினார்கள்? வாக்கில்லாத சனத்தின் பேரைத் தொழிற்சங்கம்தான் தன் பட்டியலில் எழுதிவைத்தது. அப்போது நமக்கு இருந்த ஒரே பட்டியல் அதுதான். 2023இல், நாம் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நம்மில் பலர் அதில் கொஞ்சத் தூரமாவது நடந்தோம். இந்த நாட்டில் எங்களுக்குச் சமமான இடம் வேண்டும் என்று கேட்டோம். அதே வருடம், அதே நான், வாசற்படியில் நின்ற ஒரு பெண்ணிடம் உன் பேர் எந்தக் கொப்பியில் இருக்கிறது என்று கேட்டேன்.

கூரை மட்டும் கொடுத்தால் போதாது

எழுந்து நிற்க முடியாதவருக்குக் கைகொடுப்பது என்றால் நம் சனம் பின்நிற்காது. சாவு வீடு என்றால் கேட்காமலே தேங்காயும் விறகும் வந்துவிடும். ஆனால் ஒருநாள் உதவி வேறு, ஒரு ஆள் திரும்ப வாழத் தொடங்குவது வேறு. இதற்கு நம் வரலாற்றிலேயே இரண்டு படிப்பினை இருக்கிறது.

முதலாவது மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைப் பகுதியில் அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் போவதற்கு இடமில்லாதவருக்கு எச்சரிக்கை எதற்கு? மண் சரிந்த பிறகு லொறி லொறியாகச் சாமான் வந்தது. அரிசி, பாய், உடுப்பு எல்லாம் வந்தது. வீடு வரவில்லை. தப்பியவர்களில் பல குடும்பங்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் கிடந்தார்கள். 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். கொடுக்கிறவர்களின் இரக்கம் ஒரு மாதத்தில் களைத்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் அந்தச் சனம் "முகாம் ஆட்கள்" என்ற பேரோடு இருந்தது. அந்த நீண்ட காலத்தில் பக்கத்தில் நிற்பதற்குத்தான் அமைப்பு தேவை.

இரண்டாவது படிப்பினை வவுனியா. 1977 வன்செயலில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து போன நம் குடும்பங்கள் வன்னியில் போய் இறங்கின. அங்கே அவர்களுக்கு உறவும் இல்லை, காணியும் இல்லை. "தோட்டக்காட்டான்" என்ற பேர் மட்டும் அங்கேயும் கூடவே போனது. காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. கட்டிடக்கலைஞர் டேவிட், டொக்டர் இராஜசுந்தரம் இருவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். அவர்கள் சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டுப் போகவில்லை. காணி, கிணறு, விதை, பாலர் பாடசாலை, சுகாதாரம் என்று ஒரு ஊர் ஊராக நிற்பதற்கு என்னென்ன வேண்டுமோ அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். அகதியாக வந்தவரின் பிள்ளைக்கு அந்த மண்ணில் படிக்க ஒரு இடம் கிடைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்கள் உண்டாக்கிய குடியேற்றங்கள் யுத்தத்தில் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் அவர்கள் பிடித்த வழி சரியான வழி. ஒரு மனிதருக்குக் கூரை, வேலை, கடதாசி, ஊர்க்கூட்டத்தில் ஒரு இடம் என்ற நாலும் சேர்ந்து வேண்டும். ஒன்றைக் கொடுத்து மூன்றை விட்டால், கொடுத்த ஒன்றும் நிற்காது.

நாங்கள் செய்தது

அந்த அக்கா விஷயத்தில் நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் மற்றத் தோட்டங்களுக்கு உதவலாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கடதாசி. மாதர் தலைவியும் நானும் ஒரு மாலை அவருடைய பையைப் பிரித்து உட்கார்ந்தோம். அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து, மகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பேர் வேறு மாதிரி. தோட்டக் காரியாலயத்தில் ஒருவர் எழுதியது, ஆஸ்பத்திரியில் ஒருவர் எழுதியது, கச்சேரியில் ஒருவர் சிங்களத்தில் எழுதியது என்று ஒரு பெண் மூன்று பெண்ணாகியிருந்தார். சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து, எல்லாம் ஒரே ஆள் என்று ஆக்குவதற்கு நாலு மாதம் பிடித்தது. மகளுக்கு இது முக்கியம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பு பாடசாலை ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் அந்த நேரத்தில்தான் பிள்ளை முழிக்கும். பத்தாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

அடுத்தது அவருக்கு வரவேண்டிய காசு. வெளிநாட்டுக்குப் போகுமுன் அவர் இதே தோட்டத்தில் 11 வருடம் பேர் போட்டவர். அவருக்குத் தெரியாத ஒன்று, நம்மில் பலருக்கும் தெரியாது: 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளி எந்த விதமாக விலகினாலும் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 11 வருடத்துக்கு 154 நாள் சம்பளம். அவர் கேட்கவில்லை, அவர்கள் கொடுக்கவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை. சேமலாப நிதி பெண்களுக்கு 50 வயதில்தான் வழமையாகக் கிடைக்கும் என்பதால் அது அங்கே இருக்கிறது. பேரைச் சரியாக்கி வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டில் அவருக்கு நிலுவையான சம்பளத்தை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாருக்கு அந்தக் காலத்தில் அனுமதி இல்லை என்பதால், ஏஜென்சிக்காரர் விசிட் விசாவில் அனுப்பியிருக்கிறார். பணியகத்தில் பதிவு இல்லை. பதிவு இல்லாதவருக்கு அங்கேயும் கொப்பி இல்லை.

காம்பிரா விஷயம் கஷ்டமானது. அம்மாவின் காம்பிராவைக் கேட்டவர்கள் புதிதாகக் கல்யாணம் முடித்த தொழிலாளிக் குடும்பம். அவர்களும் நம் அங்கத்தவர்கள், அவர்களுக்கும் இடமில்லை. ஒரு ஏழையின் கூரையைப் பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுக்கிற சண்டைக்குச் சங்கம் போகக்கூடாது. கடைசியில் தம்பி காம்பிராவின் பின்பக்கம், மரக்கறிப் பாத்தி இருந்த இடத்தில், ஒரு அறை இறக்கிக் கட்டத் துரையிடம் அனுமதி கேட்டோம். வாயால் சரி என்றார். எழுத்தில் இன்னும் தரவில்லை. தகரம் வாங்கக் கமிட்டி கொஞ்சம் கொடுத்தது. சுவர் வைத்தது லயத்துப் பொடியன்கள்.

கடைசியாகச் செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த வருடத் திருவிழாவுக்கு முன், மாதர் தலைவி கோயில் தலைவரிடம் பேசி, அந்த அக்காவிடம் கையிலே வரிக்காசு வாங்கி, வரிக்கொப்பியில் பேர் எழுதவைத்தார். அக்கா துண்டை இரண்டு தரம் வாசித்தார். "அம்மா பேருக்குக் கீழ எழுதியிருக்காங்க டீச்சர்" என்றார். அந்த வருடம் அவர் பானை வைத்தார். மகள் கும்மிக்கு நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சும்மா பாடசாலை மறிக்கவில்லை.

இப்போது அவர் மரக்கறித் தோட்டமொன்றில் நாட்கூலிக்குப் போகிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாடு போகக் கடதாசி கொடுத்திருக்கும் பெண்களை வாசகசாலையில் உட்காரவைத்து, ஏஜென்சியில் என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்து வைக்கக்கூடாது, பாஸ்போட்டை யார் கையில் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு அது தெரியாது. கமிட்டியில் யாருக்கும் தெரியாது. சங்கத்துக்கு ஒன்றும் தராதவர் என்று நான் நினைத்தவரிடம் சங்கத்திடம் இல்லாத படிப்பு இருந்தது.

"அப்படியென்றால் யார் சந்தா கட்டுவார்?"

இதைக் கமிட்டியில் சொன்னபோது ஒரு மூத்த தலைவர் கேட்டார்: "டீச்சர், நாங்க முப்பது வருஷமா சந்தா கட்டுறோம். கட்டாதவங்களுக்கும் அதே மரியாதைன்னா நாளைக்கு யாரு கட்டுவா?"

நியாயமான கேள்வி. சந்தாக் காசில்தான் மாவட்டக் காரியாலயத்துக்கு வாடகை, சட்டத்தரணிக்குக் கட்டணம், இந்தப் பத்திரிகைக்கு அச்சுக்கூலி. அதனால் நான் இலவசம் கேட்கவில்லை. கட்ட வழி கேட்கிறேன். சந்தா சம்பளத்தில் மட்டும்தான் கழியும் என்றால், சம்பளத் துண்டு இல்லாதவர் கட்ட விரும்பினாலும் கட்ட முடியாது. அந்தக் கதவை அடைத்து வைத்திருப்பது நாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பேர் இல்லாதவரைத் தள்ளிவைத்தால் நட்டம் பேர் உள்ளவருக்கும்தான். நாட்சம்பளத்தை 2021இல் 1000 ரூபாவுக்கும் 2024இல் 1350 ரூபாவுக்கும் கொண்டுவர நாம் பட்ட பாடு தெரியும். அந்தச் சம்பளம் செக்ரோலில் உள்ளவருக்கு. பேர் இல்லாதவர்களைக் கைக்காசுக்கும் கொந்தராப்புக்கும் கூப்பிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து, சேமலாப நிதியும் இல்லாமல் அனுப்பும்போது, செக்ரோல் தன்னால் சுருங்குகிறது. அப்படிக் கைக்காசுக்குப் போகிறவர் யார்? நம் அக்கா, தங்கை, மச்சான். அவர்களைச் சங்கம் சேர்த்துக்கொள்ளாவிட்டால், மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களை நமக்கு எதிராகவே பாவிப்பார்கள்.

காம்பிராவும் அப்படித்தான். வேலை இருந்தால்தான் வீடு என்ற ஏற்பாடு இருக்கும்வரை எந்தத் தொழிலாளியும் பயப்படாமல் வாய் திறக்க முடியாது. இன்றைக்கு அந்த அக்காவுக்கு நடந்தது, நாளைக்கு ஓய்வு பெறும் நமக்கு நடக்கும்.

சம்பளம் மட்டும்தான் சங்கத்தின் வேலை என்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சூடுபட்டு இறந்தது சம்பளப் போராட்டத்தில். 1977 மே மாதத்தில் டெவனில் சிவனு லெட்சுமணன் சூடுபட்டு இறந்தது சம்பளத்துக்காக இல்லை. தோட்டக் காணியைப் பிரித்துக்கொடுத்தால் அங்கே இருக்கிற சனம் எங்கே போகும் என்ற கேள்விக்காக. இரண்டு பேரையும் நாம் தியாகிகள் என்றுதான் சொல்கிறோம். இருக்கிற இடத்தில் இருக்கும் உரிமையும் நம் சங்கங்களின் பழைய வேலைதான்.

என் பிரேரணை

அடுத்த மாவட்ட மாநாட்டுக்கு முன் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் இவற்றைப் பேசிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, இணை அங்கத்துவம். செக்ரோலில் இல்லாத, ஆனால் தோட்டத்தில் வசிக்கிற யாரும் சிறு தொகை கையில் கட்டித் துண்டு வாங்கிச் சேரலாம் என்று யாப்பைத் திருத்த வேண்டும். கட்டவே முடியாதவருக்கு முதல் வருடம் விலக்கு கொடுக்கலாம். அவர்கள் கமிட்டியில் பேசலாம், முறைப்பாடு தரலாம்.

இரண்டு, மாதம் ஒரு கடதாசி நாள். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பேர்ப் பிழை, வாக்காளர் இடாப்பு, அஸ்வெசும விண்ணப்பம், சேமலாப நிதி, பணிக்கொடை. ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் வருகிறோம். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மூன்று, பேர் வெட்டும்போது சங்கம் அருகில் இருக்க வேண்டும். ஒருவர் விலகினால், ஓய்வு பெற்றால், இறந்தால், வரவேண்டிய காசைக் கணக்குப் பார்த்துக் கேட்டுக் கடிதம் போடுவதைத் தோட்டத் தலைவரின் கடமையாக்க வேண்டும். ஒன்பது வருடம் கழித்துத் தேடுவது போல் கஷ்டம் வேறில்லை.

நாலு, மாற்று இடம் காட்டாமல் எந்தக் குடும்பத்தையும் காம்பிராவிலிருந்து இறக்கக்கூடாது என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். தோட்டங்களுக்குச் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடை 2018இல் நீக்கப்பட்டது. வீதி, தண்ணீர் என்று அங்கே கேட்கிறோம். தனி முகவரியையும் விடாமல் கேட்க வேண்டும். ஒரு லயத்துக்கே ஒரு முகவரி, கடிதமெல்லாம் காரியாலயத்து மேசையில் என்றிருக்கும்வரை, பரீட்சைக் கடிதமும் வேலைக் கடிதமும் தொலைந்துகொண்டே இருக்கும். இடம் ஒதுக்கும் போதெல்லாம் காணியும் உறுதியும் விதவைகளுக்கும் தனித் தாய்மாருக்கும் அவர்கள் பேரிலேயே எழுதப்பட வேண்டும்.

ஐந்து, கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம் இரண்டோடும் பேசி, சம்பளத்தில் கழிக்க முடியாதவரிடம் கையில் வாங்கிப் பேர் எழுதும்படி கேட்க வேண்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், துரையின் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாக நம் வாய். "வெளியாள்", "அரபிக்காரி", "பேர் இல்லாதவன்" என்று கூட்டத்தில் பேசுவதை நிறுத்துவோம். நம்மைக் கூப்பிட்ட பேர்கள் நமக்கு எப்படிச் சுட்டன என்று தெரியாதவர்களா நாம்? பெரியவர்கள் பேசுவதைத்தான் பிள்ளைகள் பாடசாலை வளவில் பேசுகிறார்கள். அதை நான் நேரில் கேட்கிறேன்.

இவை எல்லாம் உடனே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் ஒரு வேலை செய்வோம். வரும் மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் செக்ரோலில் இல்லாமல் வாழ்கிறவர்களின் பேரை லயம் லயமாக எழுதி, ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கள் தோட்டத்துக் கொப்பியை நாங்கள் தொடங்கிவிட்டோம். முதற் பக்கத்தை எழுதியவர் அந்த அக்கா. இப்போது அவர் கூட்டத்துக்கு வந்தால் வாசற்படியில் நிற்பதில்லை. உள்ளே வந்து, மாதர் தலைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறார்.